சல்லடையில் நின்ற கட்டிகள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. எழுபதுகளில் ஏலத்தோட்ட வேலையை விட்டு மலையிறங்கி, உத்தமபாளையத்துக்கு வெளியே ஓர் உரக் கொட்டகையில் சேர்ந்தேன். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றையும் மண்வெட்டியால் புரட்டிக் கலந்து, சலித்து, மூட்டை பிடிக்க வேண்டும். சல்லடையில் நிற்கும் கல், இறுகிய கட்டி, சாக்குநார் எல்லாம் கழிவு.

"மாடு கன்னு வாய் வைக்காம ஆழக் குழி தோண்டிப் பொதைச்சிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார். அங்கே முழங்கால் ஆழத்தில் பாறை. இரண்டு நாள் கடப்பாரை போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து கூடையைக் கொட்டகைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த ஓடைக்குள் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

பக்கத்துக் குடிசையில் புருஷனை இழந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சினைப்பசு. அது ஈன்றால் டீக்கடைக்குப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஒரு மதியம் அந்தப் பசு ஓடைக்கரையில் வயிறு உப்பி, நுரை தள்ளி, நடுங்கிக் கிடந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்று ஒருவர் பச்சிலை தேடிப் போனார். அதன் மூக்கில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை நான் பார்த்துவிட்டேன்.

"பாம்புங்கிறாக. நீ இங்கனயே திரியிற ஆளு, எதுவும் கண்டியாப்பா?" என்றாள் அவள்.

"இல்லக்கா" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து இறங்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"ஏலே, இம்புட்டு நேரம் வாயில என்ன வச்சிருந்த?" என்றார். யூரியா விஷத்தை முறிக்கப் புளியைக் கரைத்து மூங்கில் குழாயால் ஊற்றினோம். பாதி வெளியே வழிந்தது. பொழுது சாயுமுன் பசு செத்தது.

அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன்.

"இன்னும் எங்கன எல்லாம் கொட்டியிருக்க?"

"ஓடை நெடுக, அக்கா."

"விடிஞ்சா ஊர் மாடு பூரா இங்கனதான் எறங்கும். கூடைய எடு."

இருவரும் அள்ளினோம். பசு அங்கேயே கிடந்தது. "குழி தோண்ட ஒடம்பு வணங்கல. கூடையக் கவுக்க மட்டும் வணங்குச்சாக்கும்" என்று ஒருமுறை சொன்னாள். அள்ளியதைச் சாக்கில் கட்டிக் கொட்டகைக்குள் ஏற்றினோம். ஓர் இடத்தில் உரம் கரைந்து தரையோடு இறுகிப்போயிருந்தது; மண்வெட்டி இறங்கவில்லை. அவள் இலந்தை முள்ளை வெட்டி இழுத்துவந்து, அதை மூடிக் கல் ஏற்றினாள்.