புவனாக்கா வீட்டு எண்

புவனாக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. நான் எழில்மதி. சென்னையில் ஒரு கல்லூரியில் சித்திரக்கதை வரைவதை முதுகலையாகப் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. "படம் வரையறதுக்கு எதுக்குடி ரெண்டு வருஷம்?" என்று அம்மா இன்னும் கேட்கிறாள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை.

எங்கள் வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பாவுக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பக்கத்து குவார்ட்டர்ஸில்தான் புவனாக்கா இருந்தாள். குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற வீட்டில் பிறந்தவள். கணவர் மருதமுத்து மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுவார். அக்காவுக்கும் காண்ட்ராக்ட்தான். ரோட்டோரம் புல் செதுக்கி, செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. ஒரே மகள் சத்யப்பிரியா, எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். மகள் பள்ளிக்கு நடந்து போகிறாள் என்பதில் அக்காவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. அந்த வீடு வேறொருவர் பெயரில் இருந்தது. அவர் பண்ருட்டியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனபோது இவர்களை உள்வாடகைக்கு வைத்துவிட்டுப் போனார். இது எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "யாராவது கேட்டா, அந்த அண்ணனோட தங்கச்சின்னு சொல்லணும்" என்று பதினான்கு வயதில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எத்தனையோ பேரிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

முதல் ஆண்டின் கடைசிப் பருவத்துக்கு ஒருவருடைய வாழ்க்கையை இருபத்திரண்டு பக்கங்களில், ஒரு வார்த்தைகூட இல்லாமல், படங்களாகவே சொல்ல வேண்டும். நான் புவனாக்காவைக் கேட்டேன். "என்னையா? என் மூஞ்ச வரைஞ்சா உனக்கு மார்க்கு போடுவாங்களா பாப்பா?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவில் தூங்கிய குழந்தை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புல் செதுக்குகிறவள், பட்டம்மா அத்தையோடு மதில்மேல் எட்டி நின்று முருங்கை இலைக் குப்பைக்காகச் சண்டை போடுகிறவள் என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். பட்டம்மா அத்தை அக்காவுக்கு மறுபக்கத்து வீடு. அவர்கள் காலையில் சண்டை போட்டால் சாயந்திரம் குழம்புக் கிண்ணம் கைமாறும்.

எங்கள் ஆசிரியர் செந்தில்நாதன் வீட்டுப் படத்தை மட்டும் தள்ளி வைத்தார். "இது எந்த ஊர்லயும் இருக்கும். இந்த வீடுதான்னு தெரியணும்" என்றார். விடுமுறைக்கு வந்து திரும்ப வரைந்தேன். கறிவேப்பிலைச் செடி, கைப்பிடி உடைந்த நீல வாளி, கதவுக்கு மேலே கறுப்புப் பெயிண்டில் எழுதிய பிளாக்கும் வீட்டு எண்ணும். கடைசி இலக்கத்திலிருந்து பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்ததைக்கூட விடவில்லை. ஆசிரியர் அந்த எண்ணின்மேல் விரலை வைத்து, "இதுதான் படம்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூலையில் டவுன்ஷிப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளின் ஓவியங்களை ஒரு ஹாலில் வைத்தார்கள். என் படங்களும் தொங்கின. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளோடு வந்தாள். "சத்யா, நம்ம வூட்டு நம்பரப் பாரு. பெயிண்ட்டு ஒழுவிகினு இருக்கிறதுகூட அப்பிடியே இருக்குது" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினாள். படத்தின் அருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம்மா. நம்பர்கூட கரெக்டா இருக்கு. இந்தம்மா நிஜமாவே அந்த வீட்லதான் இருக்காங்களா?" என்றார்.

"ஆமா சார். ஒம்பது வருஷமா இருக்காங்க. காண்ட்ராக்ட் வேலை பாக்கறாங்க" என்றேன்.

ஒன்பது வருடம் மனப்பாடமாக இருந்த 'தங்கச்சி' அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. பாராட்டு தலைக்கேறியிருந்தது. அவர் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு பார்க்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்மேல் தப்பில்லை. கேட்டார், சொன்னேன்.

பத்தாம் நாள் இரண்டு பேர் காகிதத்தோடு வந்தார்கள். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

அன்று சாயந்திரம் புவனாக்கா மதிலருகே நின்று கத்தினாள். "ஒரு முருங்கையெலைக்காவ என் குடியக் கெடுத்துட்டியே. ஆபீசுல போயி வத்தி வச்சிட்டு வந்து வூட்டுக்குள்ள குந்திகினு இருக்கிறியா? எம் பொண்ணு படிப்பு உன் கண்ண உறுத்திச்சா?"

பட்டம்மா அத்தை வெளியே வந்தார். "நான் எங்கயும் போவல புவனா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அக்கா நிறுத்தவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். நான் செய்ததற்கு அத்தை ஏச்சு வாங்குவது தெரிந்தும் என் கால் நகரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். வெட்கம்கெட்டு, அம்மாவுக்குப் போன் செய்து அதையும் சொன்னேன்.

காலி செய்வதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள். "அந்த வூட்டுப் படத்த மட்டும் எனக்குக் குடுக்கிறியா பாப்பா? ஒம்போது வருசம் இருந்துட்டேன்."

படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். எண் என்னையே பார்த்தது. பிளேடால் சுரண்டி, மேலே சுவர் நிறத்தைப் பூசினேன். அக்கா கண்ணில் அது பட வேண்டாம் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கண்ணில் படவேண்டாம் என்றுதான்.

மறுநாள் வந்து இறங்கியபோது வாசலில் குட்டியானை வண்டி நின்றது. கட்டிலும் பீரோவும் ஏறிவிட்டன. சத்யப்பிரியா தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிமேல் அவள் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அக்கா கையை நைட்டியில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். வாளியைப் பார்த்தாள், கறிவேப்பிலையைப் பார்த்தாள். பிறகு கதவுக்கு மேலே விரலை வைத்துத் தடவினாள்.

"நம்பரு இருந்துச்சே பாப்பா. எங்க காணோம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டேன். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"பட்டம்மாக்காவ நான் என்னென்னவோ பேசிட்டனே" என்றாள்.

படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். டிரைவரிடம், "கொஞ்சம் இருங்க, தோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டம்மா அத்தை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அக்கா குனிந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பின்னால் போனேன், கேட் வரைக்கும்.