தூக்காத கை

மெல்லிசைக் குழு நடத்துகிறவர்களுக்கென்று சங்கம் ஆரம்பித்து, கோவையில் முதல் கூட்டம் போட்டார்கள். ஒருவரின் வாத்தியக்காரர் வராமல் போனால் மற்றவர் ஆள் அனுப்பி உதவ வேண்டும், சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் ஒரே முகூர்த்தத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள். நானும் கம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதமே அன்னூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மதியம் போய் இறங்கியதும் என் கீபோர்டுக்காரர் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டார். கீபோர்டு வாசிக்க ஆளில்லாமல் சினிமாப் பாட்டு எப்படி? வேறு வழியில்லாமல் மண்டபத்து போனில் உக்கடம் கந்தசாமியை அழைத்தேன். எங்களுக்குப் போட்டிக் குழுவின் முதலாளி அவர்.

"உங்க ஆளு யாராச்சும் சும்மா இருக்காங்களாங்க?"

"வாரனுங்க" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் அவரே பஸ்ஸில் வந்து இறங்கி, கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார்.

வாசிப்பவர்களை மேடையில் அறிமுகம் செய்வது என் வேலை. மைக்கில் அவர் குழுவின் பெயரைச் சொல்லப் போனேன். அவர் கையால் மறித்து, பின்னால் தொங்கிய எங்கள் பேனரைக் காட்டினார்.

"இன்னைக்கு நான் உங்க ஆளுங்க. அதையே சொல்லுங்க அம்மணி."

மைக்கில் அப்படியே சொன்னேன்.

பந்தியில் கேட்டே விட்டேன். "ஏனுங்க, அன்னைக்குக் கூட்டத்துல நீங்க கை தூக்கவே இல்லீங்களே?"

ரசச் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நீங்க தூக்குவீங்களான்னு பாத்துட்டு இருந்தனுங்க."

அடுத்த கூட்டத்தில் தலைவர் அதே கேள்வியைத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அவர் முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.