பெரட்டுக்கு வராத ஒருவன் கொண்டுபோன அம்மா

முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்து, தலைக்கு ஊற்றிய ஈரம் காய்வதற்குள் சுபாஜினி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினாள். நமுனுகுலை மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். பின்னாலேயே பேத்தியைத் துண்டில் சுற்றி அணைத்தபடி அவள் அப்பா சிவஞானம். உலகத்திலேயே கொட்டாவி விடத் தெரிந்த முதல் பிள்ளை இதுதான் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

சுபாஜினி மலேசியாவில் முதுகலை படிக்கிறாள். பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவளிடம், யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இணைய வகுப்பொன்றில் மிச்சமிருக்கும் பாடத்தை முடிக்கச் சொல்லியிருந்தது பல்கலைக்கழகம். முடித்தால் அடுத்த மாதமே பிள்ளையோடு போய்விடலாம். முடிக்காவிட்டால் இந்தப் படிப்புத் தவணையே போய்விடும்.

கட்டுரையை எப்போதோ எழுதிவிட்டாள். அனுப்பும்போது கேமராவில் முகம் காட்ட வேண்டும். முப்பது நாளும் அம்மா ரெங்கம்மா அவளைப் படி இறங்க விடவில்லை.

கட்டுரையும் அந்த ரெங்கம்மாவைப் பற்றித்தான். மழையில் பிந்திப் போனவளுக்குப் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போடாமல் விரட்டிய அன்று, அவள் பாடிக்கொண்டே லயத்துக்குத் திரும்பி வந்த கதை. பிரசவத்துக்கு முன்பே அதைச் சுருக்கி வகுப்பின் உரையாடல் பக்கத்தில் போட்டிருந்தாள். யார் யாரோ வந்து "அருமை" என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இப்போது அனுப்பினாள். திரை சிவந்தது. ஏற்கனவே வந்த கட்டுரையின் நகலாம். பக்கத்திலேயே அந்தக் கட்டுரையும் தெரிந்தது. அவள் வீட்டுக்குள் இருந்த நாட்களில் எவனோ அனுப்பியது. மழை, பெரட்டு, பாட்டு எல்லாம் அப்படியே. "என் அம்மா" என்று எழுதியிருந்தான்.

"த்தூ!" சுபாஜினி காறித் துப்பினாள். "எங்கம்மாவயே தூக்கிட்டுப் போயிட்டான்பா, நாயி!"

"வாத்தியார்ட்ட சொல்லு புள்ள."

"எந்த வாத்தியாரு? அந்தாளு வீடியோவுல சிரிக்கிறதோட சரி. அதுவும் எந்த வருசத்துச் சிரிப்போ!"

முறைப்பாடு எழுதிப் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: கேள்விக்கு நன்றி, சொற்களை மாற்றி மீண்டும் அனுப்பவும்.

"மெசினுப்பா இது. குமட்டுது."

கூடப் படிக்கும் பசறைக்காரி முஷ்ரிபாவுக்குச் சொன்னாள். போனில் அவள் குரல் சிரித்தது: "அடியே, நாலு சொல்ல மாத்திப் போட்டு அனுப்புடி. நான் வீடியோவ ஓட விட்டுட்டு சோறாக்கினேன். பாஸ் பண்ணிட்டேன்ல!"

சுபாஜினி தட்ட ஆரம்பித்தாள். ஒரு வரியோடு கை நின்றது.

"என்னத்தப்பா மாத்துறது? எங்கம்மா பாடினாங்கன்றத அழுதாங்கன்னு மாத்தவா?"

சட்டென்று மடிக்கணினியை மூடினாள்.

"அனுப்ப மாட்டேன். தவண போனாப் போவுது. அடுத்த தவணைக்கு நேர்ல போய் மனுசங்க முன்னாடி உக்காந்து படிச்சுக்கிறேன்."

"அப்ப... எப்பம்மா போவ?"

"ஆறு மாசம் இங்கதான். வேற என்ன செய்ய?"

"நாசமாப் போறவன்!" என்று சிவஞானமும் பலமாகத் துப்பினார். பிறகு மகள் பார்க்காதபடி தேயிலைப் பக்கம் திரும்பி, பேத்தியின் காதோடு வாயை வைத்தார்.

"தவழ்ந்து காட்டிட்டுத்தான் போவணும், தங்கம்."