ஒத்திவைத்த கிணறு

பஞ்சாயத்து கிளார்க் வேலையை ஏதோ பெரிய சர்க்கார் உத்தியோகம் என்று நம்பி என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தார். பாவம், அவரும் ஏமாந்தார், நானும் ஏமாந்தேன். எளாவூர் பக்கத்து ஓடைமேடு பஞ்சாயத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் திட்டு எனக்கு. எவன் மாடோ பயிரை மேய்ந்து பட்டியில் அடைபட்டால் அதற்கும் திட்டு எனக்கு. அந்த வேலையில் நான் தேய்ந்த வருஷங்களில் எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, கன்னியம்மா மெம்பரான அந்த எழுபதாம் வருஷத்தைத் தவிர.

அவள் மெம்பரானதே ஒரு கூத்து. அந்த எலெக்‌ஷனில் பெண் யாரும் ஜெயிக்கவில்லை. எப்படி ஜெயிப்பார்கள், யாரும் நிற்கவே இல்லையே! அப்படியானால் மெம்பர்களே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். பிரசிடெண்ட் பரசுராமனுக்குத் தன் வீட்டுப் பெண்களைக் கூட்டத்தில் உட்காரவைக்க மனசில்லை. எதிர்க்கட்சிக்காரன் வீட்டுப் பெண் என்றால் அதைவிட மனசில்லை. கடைசியில் தன் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவின் பெயரைச் சொன்னார். காலனிக்காரி, கைநாட்டு, வாய் திறக்க மாட்டாள். அதுதான் அவர் அவளிடம் கண்ட தகுதி.

மாதாமாதம் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் நடக்கும். மற்றவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். கன்னியம்மா ஓரமாகத் தரையில் உட்காருவாள். அங்கே உட்கார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் வாய் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கை ஆவணிக் கூட்டத்திலேயே பொய்த்துப்போனது.

"எங்க காலனிக்கு ஒரு கெணறு வோணும் நைனா," என்றாள் பிரசிடெண்டைப் பார்த்து. "எம்மவ கிரேஸுக்கு நாள் தள்ளியிருக்குது. மாசியில பிரசவத்துக்கு இட்டாரணும். புள்ளத்தாச்சிய வெயில்ல கொடத்தோட நிக்கவெக்க முடியாது."

அவள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. காலனிக்காரர்கள் ஓடை மணலில் ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். தை கடந்தால் ஊற்று வறண்டுவிடும். பிறகு ஊர்க் கிணற்றடிக்கு வந்து, தள்ளி நின்று, யாராவது மனசு வந்து குடத்தில் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். கிரேஸ் அவளுக்கு ஒரே பெண். பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"பாக்கலாம் பாக்கலாம்," என்றார் பிரசிடெண்ட். நான் வழக்கம்போலத் தீர்மானத்தை எழுதி உரக்கப் படித்தேன்: "குடிநீர்க் கிணறு குறித்த பொருள் ஒத்திவைக்கப்பட்டது."

கன்னியம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் ஏரி உடைந்தது, அந்தக் கூட்டத்தில் கிணறு ஒத்திவைக்கப்பட்டது. புளியமர ஏலத்தில் சண்டை வந்து துண்டை உதறிக்கொண்டு எல்லாரும் எழுந்துபோன கூட்டத்திலும் கிணறு ஒத்திவைக்கப்பட்டது. சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசிப் பேசித் தீராத மார்கழியிலும் அப்படியே. எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு பொறுமையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

தைக் கூட்டம் முடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினாள்.

"கிளார்க்கு ஐயா, கெணத்த யாராண்ட ஒத்தி வெச்சிருக்கீங்க?"

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் ஒத்தி என்றால், வீட்டையோ நிலத்தையோ ஒருவரிடம் கொடுத்துப் பணம் வாங்குவது. பணத்தைத் திருப்பிக் கட்டினால் சொத்து திரும்ப வரும், அதை மூட்டுவது என்போம். அவள் அப்பன் மனைக்கட்டு ஆரணி வியாபாரி ஒருவரிடம் ஒத்தியில் கிடந்து, இவள்தான் கூலி வேலை செய்து அதை மூட்டியிருக்கிறாள். அதே கணக்கில், கிணற்றையும் யாரிடமோ ஒத்தி வைத்திருக்கிறோம், கெடு முடிந்தால் வந்துவிடும் என்று இத்தனை மாதமும் காத்திருந்திருக்கிறாள்.

"ஆரணிக்காரர்னா எனக்குத் தெரிஞ்சவருதான். காலனியில எல்லாரும் சேந்து கட்டி மூட்டுக்கிறோம் ஐயா."

"அந்த ஒத்தி இல்லம்மா. ஒத்திவைக்கிறதுன்னா அப்பறமா பாத்துக்கலாம்னு அர்த்தம்."

"அப்பறம்னா எப்போ?"

"அதுக்குக் கெடு எதுவும் கெடையாது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஒத்தின்னாலும் மூட்டுக்கலாம். இத்த எப்புடி ஐயா மூட்டறது?" என்றாள்.

இந்தச் சங்கதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் அதுவே பேச்சு. பிரசிடெண்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இன்னா கன்னியம்மா, கெணத்த மூட்டுக்கினியா?" என்று கழனியில் வைத்தே கேட்டார். அவள் நிமிராமல் களை பறித்துக்கொண்டிருந்தாளாம். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாசியில் கிரேஸ் வந்துவிட்டாள். ஊற்றும் வறண்டுவிட்டது.

பங்குனியில் பிரசிடெண்டுக்கு ஓர் அவசரம். ஏரிக்கரை ரோட்டுக்குப் பஞ்சாயத்து யூனியனில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மார்ச் முடிவதற்குள் தீர்மானம் போகாவிட்டால் அது கை நழுவிவிடும். ரோடு நேராக அவருடைய மாந்தோப்புக்குத்தான் போகிறது என்பது வேறு விஷயம். கூட்டம் போட்ட அன்று பார்த்து ஒரு மெம்பர் திருப்பதி போய்விட்டார், ஒருவர் ஆஸ்பத்திரியில், வேறு சிலருக்கு இவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. கூட்டம் செல்லுபடியாக வேண்டிய கோரம் கணக்குக்கு ஒரு தலை குறைந்தது. கன்னியம்மாவும் வரவில்லை. அவளைக் கூட்டிவர என்னைச் சைக்கிளில் விரட்டினார்.

"நான் வர்ல ஐயா. ஒத்தி வெச்சிருக்கேன்னு சொல்லு," என்றாள் கன்னியம்மா.

"எத்த?"

"என்னத்தான்."

திரும்பிப் போய்ச் சொன்னேன். பிரசிடெண்ட் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் சைக்கிள் கேரியரிலேயே ஏறி உட்கார்ந்தார். ஓட்டுக் கேட்க வந்ததைத் தவிர அவர் காலனிக்குள் கால் வைத்தவர் இல்லை. உச்சி வெயில். மணலில் சைக்கிள் போகாமல் பாதி வழி நடந்து, இருமிக்கொண்டே அவள் குடிசை வாசலில் போய் நின்றார்.

"என்னையே வரவெச்சிட்டியா நீ?"

"கெணறு மொதல்ல வெச்சா வரேன் நைனா. ரோடு அப்பறம்."

"அடுத்த வருஷம் கண்டிப்பா பாக்கலாம். இப்போ கெளம்பு."

அவர் இருமுவதைக் கேட்டு கிரேஸ் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்து ஒரு சொம்பை நீட்டினாள். பிரசிடெண்ட் வாங்கிக்கொண்டார். ஆனால் காலனியில் தண்ணீர் குடிக்கிற ஆள் இல்லையே அவர்? சொம்பைச் சாய்த்து, கால் புழுதியைக் கழுவினார்.

"ஐயோ, கொட்டாதீங்க!" கிரேஸ் கத்தியேவிட்டாள். "உங்க தெருக் கெணத்துத் தண்ணிதாங்க அது. காலையிலேர்ந்து நின்னு அர கொடம்தான் கெடச்சுது. நீங்க குடிக்கலன்னா நான் குடிச்சிருப்பேன்."

சொம்பு காலியாகிவிட்டிருந்தது. மண் அதற்குள் உறிஞ்சிவிட்டது. கன்னியம்மா அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"கெணத்த மொத பொருளா எழுதிக்கடா துளசிராமா," என்றார் பிரசிடெண்ட் என்னைப் பார்க்காமலே. மனசு மாறித்தான் சொன்னாரா, ரோட்டுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அன்று இரண்டு தீர்மானமும் நிறைவேறின.

கிணறு தோண்டி முடிய அடுத்த ஆவணி ஆனது. உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். ஆனால் கிரேஸ் சித்திரையிலேயே பெற்றுப் பிழைத்து, கோடை முடிந்ததும் கைக்குழந்தையோடு பொன்னேரிக்குப் போய்விட்டிருந்தாள். அந்தக் கோடை முழுக்கப் பிள்ளை பெற்றவளுக்கான தண்ணீரையும் ஊர்க் கிணற்றடியில் நின்றுதான் வாங்கினாள் கன்னியம்மா.

பிறகு காலனிக்குத் தெருவிளக்கு போடலாம் என்று யூனியனிலிருந்து தகவல் வந்தது. யாராவது கூட்டத்தில் கேட்க வேண்டும். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் புதுக் கிணற்றடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கெணத்துக்கே எனக்கு நாக்கு வறண்டு போச்சு ஐயா," என்றாள். "வெளக்குக்கு வேற யாரனா பாத்துக்கோ. நான் இருட்டுலயே நடந்துக்கினு போறேன்."