வெள்ளிக்கிழமைப் பெயர்ப்பட்டியல்

கல்லூரி இன்டர்நெட்டுக்குக் காவல் இருக்கும் வேலையில் நல்ல பெயர் கிடைக்காது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் இருப்பது பசுமலைப் பக்கம். லேப் கம்ப்யூட்டர்கள் எல்லாம் என் அறையிலுள்ள பிராக்ஸி சர்வர் வழியாகத்தான் வெளியே போகும். வேண்டாத தளங்களை அதில் தடுத்து வைத்திருக்கிறேன். தடையைத் தாண்டுகிறவர்களின் பெயர்கள் வெள்ளிதோறும் பிரின்சிபாலுக்குப் போகும். அவர் அந்த மாணவர்களின் வீடுகளுக்குப் போன் போடுவார்.

குறுக்கு வழி

தடுத்த முகவரியை மொழிபெயர்ப்புப் பக்கத்தில் கொடுத்தால் திறக்கிறது என்று பையன்கள் கண்டுபிடித்தார்கள். அதையும் அடைத்தேன். மறுநாள் வேறு ஓட்டை. பிடிபட்ட வில்லாபுரத்துப் பையன் கொஞ்சமும் அசரவில்லை.

“நீங்க அடைங்கண்ணே, நாங்க தொறக்குறோம். அம்புட்டுத்தேன்.”

பெயர் போதும்

ஒருமுறை யார் எதைப் பார்த்தார்கள் என்பதையும் பட்டியலில் சேர்த்தேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகு நானும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

“இதெல்லாம் படிக்க எனக்கு ஏது நேரம் தம்பி? பேர் போதும்.”

எழுமலைப் பெண்

ஒரு சனிக்கிழமை காலை, முந்தைய நாள் பட்டியலில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி என் அறை வாசலில் நின்றாள். எழுமலைக்காரி. ஹாஸ்டலில் போன் கூடாது என்பதால் லேப்பில் தடையைத் தாண்டியிருக்கிறாள். திறந்தது ஒரு கல்யாணத் தளம் என்று அவளே சொன்னாள். ஏம்மா உனக்கு இந்த வேலை என்று அதட்டினேன்.

“அப்பா எனக்குத் தெரியாம என் போட்டோவ அதுல போட்டுட்டாருன்னு சொன்னாங்க. நெசமான்னு பாத்தேன் சார். படிப்பு முடியட்டும்னு அம்மாவ விட்டுப் பேசச் சொல்லியிருக்கேன். நான் பாத்தது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம் சார்.”

பிரின்சிபாலிடம் ஓடினேன். அதற்குள் போன் போய்விட்டது.

டி.சி.

திங்கட்கிழமை அப்பா வந்தார். அவள் சுவரோரம் நின்றாள். “என்ன கருமத்தப் பாத்தா, சொல்லுங்க” என்றார் என்னிடம். அசிங்கமாக எதையோ நினைத்துவிட்டார் என்று பதறி, உண்மையைச் சொன்னால் தப்பிப்பாள் என நம்பி, எந்தத் தளம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவரோ அமைதியாகிவிட்டார்.

“அப்ப சரி, இனி மறைக்க என்ன இருக்கு? மாப்ள வீட்லயும் சம்மதிச்சுட்டாங்க. டி.சி.ய குடுங்க சார், வாரோம்.”

அப்பாவுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் திறந்தே கிடந்த பக்கத்தை, அதிலிருந்த பெண்ணுக்கு மட்டும் பூட்டி வைத்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.