தட்டில் நின்ற மூன்றாவது ஆள்

விம்பிள்டன் பழஞ்சாமான் சந்தையில் அந்த ஜெர்மன் கமராவை நான் வாங்கியபோது, விற்றவரே என்னை இரக்கத்தோடுதான் பார்த்தார். மரப்பெட்டி, தோல் துருத்தி, மங்கிப்போன கொம்பனிப் பெயர். தேடிப் பார்த்தேன். டிரெஸ்டன் நகரத்தில் படக் கடதாசியும், பிலிமுக்குப் பதிலாகப் படம் பதியும் கண்ணாடித் தட்டும் விற்கத் தொடங்கி, பிறகு கமராவும் செய்த கொம்பனி. அதைப் பெரிய கொம்பனி ஒன்று விழுங்க, அதை இன்னொன்று விழுங்க, கடைசியில் போரில் நகரமே எரிந்தது. மிஞ்சியவை என்னைப் போன்ற விசரர்களிடம் வந்து சேர்ந்த பெட்டிகள்தான்.

கூடவே அதே கொம்பனியின் தட்டுப் பெட்டி ஒன்றும் கிடைத்தது. பாவிக்காத தட்டுகள் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை மனைவிக்கு இதய ஒபரேசன். அதற்கு முன் அவளை நல்லதாக ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன்.

"தனியவோ? மாலை போட இப்பவே ஆயத்தமோ? நீங்களும் வந்து பக்கத்திலை இருங்கோ."

பழைய தட்டுக்கு நிறைய நேரம் வெளிச்சம் வேண்டும். கமராவின் வில்லை மூடியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் அவளருகே இருந்தேன். பிறகு ஓடிவந்து மூடினேன். குளியலறையை இருட்டாக்கித் தட்டைக் கழுவி, படத்தைக் கடதாசியில் எடுத்து, விளக்கருகே பிடித்துப் பார்த்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி நின்றாள்.

கழுத்து மூடிய சட்டை, சிரிக்காத முகம். எவரோ எப்போதோ எடுத்து, கழுவாமலே விட்ட தட்டு. அதன் மேலேயே நான் எங்களையும் எடுத்திருக்கிறேன். அவள் கை என் தோளில் கிடந்தது. ஓடித் திரிந்ததால் என் உடம்புக்குள்ளால் கதிரை தெரிந்தது. மூவரிலும் பேய் நான்தான்.

மூன்று பேராகப் படம் எடுத்தால் ஒருவர் போய்விடுவார் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கலியாண வீட்டில்கூட மூவர் நின்றால், மனைவி யாரையாவது நாலாவதாக இழுத்து நிறுத்துவாள். நான் ஒளிப்பதற்குள் படத்தை வாங்கிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, மூண்டு பேர்."

"இல்லையப்பா, வடிவாப் பாரும். என்ரை பக்கத்திலை நாலாவது ஆளின்ரை நிழல்."

"அது உங்கட வண்டி வயிறு."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் படத்திலிருந்த வெள்ளைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், இவ எப்பவோ போயிட்டா. மூண்டிலை ஒராள் போகவேணுமெண்டா, போயாச்சுத்தானே. நான் திரும்பி வருவன்."

வந்தாள். வந்ததும் படத்தை முன்னறையில் மாட்டச் சொன்னாள். மாலை போட்டால் எங்கள் கழுத்திலும் விழும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த வெள்ளைக்காரியின் தலைக்கு மேல் மட்டும் ஒரு பூவை ஒட்டுகிறாள்.

நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோளைத் தட்டிவிடுகிறேன். கையை வெள்ளைக்காரி இன்னும் எடுத்ததாகத் தெரியவில்லை.