இறக்கையை ஸ்டார் என்று சொன்னேன்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அஸ்தினாபுரத்தில் அலுமினிய ஜன்னல் செய்கிற வேலை. அப்படிப்பட்டவன் ஒரே ஆள் பறக்கிற குட்டி விமானம் செய்கிறேன் என்றால் ஊர் சிரிக்காதா? செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த விமான உதிரிபாக கிட்டை, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன். இறக்கை மட்டும் எந்த அறையிலும் அடங்கவில்லை. கீழே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு இறக்கினேன்.

“என்னப்பா இது, இவ்ளோ நீளமா?” பக்கத்து போர்ஷன் ஸ்டெல்லா அக்கா கேட்டார். ஸ்கூல் டீச்சர்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “கிறிஸ்துமஸுக்கு சர்ச் மேல பெரிய ஸ்டார் கட்டப் போறோம்க்கா. அதுல ஒரு பக்கம்.”

“கர்த்தர் காரியம், நனையக் கூடாது” என்று தன் ஸ்கூட்டரைத் தெருவில் விட்டுவிட்டார். மழைக்காலம் முழுக்க அது நனைந்தது. காலையில் அவர் அதை உதைத்து உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்கும். நான் கதவைத் திறக்கவே மாட்டேன்.

டிசம்பரில் கை நிறைய சீரியல் லைட்டோடு வந்து நின்றார். “ஸ்டாருக்கு என் பங்கு. எப்பப்பா ஏத்துறீங்க?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “ஸ்டார் இல்லக்கா. ஏரோப்ளேன் இறக்கை. நான்தான் செய்யறேன்.”

அக்கா சிரிக்கவில்லை. இறக்கையை மெல்லத் தடவிப் பார்த்தார். “ஏரோப்ளேன்னு சொல்லியிருந்தாலும் எடம் விட்டிருப்பேனேப்பா. என்னை அப்படியா நெனச்ச?”

ஊர் என்னை மட்டமாக நினைக்கும் என்றே பயந்து திரிந்தவன் நான். அவரை நான் எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.